விறகு குறையக் குறைய விளையும் கொல்லை

தங்கச்சி, புது வீட்டுக் கொல்லையில் விறகடுக்கு கண்ணை உறுத்துகிறது, சுற்றிலும் நிழல் செடி ஏதாவது வைத்து மறைக்கலாமா என்று கேட்டாய். வைக்கலாம், ரொம்ப நன்றாகவே வரும். ஆனால் மறைப்பதை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்காதே. விறகடுக்கின் உயரம் மாதத்துக்கு மாதம் மாறும். மாசி, பங்குனியில் வண்டி வந்து இறக்கும்போது நெஞ்சு உயரம். கார்த்திகையில் இடுப்பளவு. பொங்கல் கழிந்தால் அடியில் செங்கல் தெரியும். விறகு குறையக் குறைய விளைந்து, விறகு தீருகிற சமயத்தில் தோண்டி எடுக்கிற பயிர்தான் அந்த இடத்துக்கு ஏற்றது. வேர் பிடித்து நிலைத்து நிற்கிற செடியை அடுக்கை ஒட்டி வைத்தால், அடுத்த வருஷம் விறகு இறக்க வருகிறவர் காலில்தான் அது மிதிபடும்.

அதனால் முதலில் மஞ்சள். வைகாசியில் கிழங்கு ஊன்றினால் எட்டு, ஒன்பது மாதத்தில் அறுவடை. தென்னை ஓலை வழியாக விழுகிற அரை வெயில் அதற்குப் போதும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகவே போடுகிறார்கள். ஐப்பசியில் இலை ஆள் இடுப்பைத் தாண்டி நிற்கும். நீ கேட்ட மறைப்பு அப்போது தானாகக் கிடைத்துவிடும். தை பிறக்கும்போது பானையில் கட்ட மஞ்சள் கொத்தும் அங்கேயே இருக்கும், பொங்கல் வைக்க விறகும் அங்கேயே இருக்கும். கடையில் கொத்து வாங்குகிற செலவு மிச்சம்.

நம் பக்கம் ஒரு சிக்கல் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லையில் தண்ணீர் நிற்கும். மஞ்சள் கிழங்கு ஊறினால் அழுகும். ஆகவே ஓர் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, ஓரத்தில் தண்ணீர் வடிய வாய்க்கால் விடு. விறகு மேல் போட்ட கீற்றிலிருந்து தண்ணீர் சொட்டுகிற பக்கம் மட்டும் தாழ்வாகவே இருக்கட்டும். அங்கே சேப்பங்கிழங்கு வை, அது ஈரத்தைத் தாங்கும். அந்தத் தாழ்வு ஓரத்தில் வல்லாரை படர விட்டால் களையும் குறையும், துவையலுக்கும் ஆகும். இஞ்சி வேண்டும் என்று ஆசைப்பட்டால் சாக்கில் மண் நிரப்பி நட்டுக்கொள். நம் மழைக்குத் தரையில் இஞ்சி நிலைக்காது. சேனையையும் வைகாசியில் ஊன்றலாம், ஆனால் அதற்கு இடம் நிறைய வேண்டும். மூலையில் இரண்டு குழி போதும்.

உன் கொல்லைத் தென்னம்பிள்ளைகள் 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்ததற்குப் பிறகு வைத்தவை. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் எத்தனையோ கொல்லைகளில் நிழல் போன கதை உனக்குத் தெரியும். எங்கெல்லாம் இன்னும் வெயில் நேராக விழுகிறதோ அங்கே ஆடியில் அகத்தி விதை போடு. சீக்கிரமே தலைக்கு மேலே போய்விடும், சல்லடை மாதிரி லேசான நிழல் தரும், கீரையும் கிடைக்கும். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை வைப்பது அந்த நிழலுக்கும் கொடி ஏறுவதற்கும்தான். நீயும் ஒரு வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றிவிடலாம். அகத்தி பலமான மரம் இல்லை, காற்றில் முறியும். விறகடுக்கின் மேல் சாயாத தூரத்தில் வை.

தென்னையைப் பற்றி இன்னொன்று, இதைத் தள்ளிப் போடாதே. கொல்லையில் எங்காவது மக்கிய தென்னை மரத்துண்டு கிடந்தால் அதை அடுக்கில் சேர்க்காதே. காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவது மக்கிய தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான். அங்கிருந்து எழும்பி இளம்பிள்ளையின் குருத்தைத்தான் முதலில் குடையும். அந்தத் துண்டுகளை வெட்டிக் காயவைத்து முதலில் எரித்துத் தீர்த்துவிடு.

இப்போது அடுக்கு. தோட்டம் நன்றாக வருவதும் கெடுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நிழலில் பச்சை விறகு காயாது. சீமைக்கருவேலமோ புளியோ, மாசியில் வந்ததும் பிளந்து, பங்குனி, சித்திரை வெயிலில் நன்றாகக் காய விடு. அப்போது பாத்தியில் செடியே இருக்காது, வெயிலை மறைக்க எதுவும் இல்லை. காய்ந்த விறகு முனையில் வெடித்திருக்கும், ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும். ஆடிக்காற்று மேற்கிலிருந்து வரும், அந்தப் பக்கத்தை உயரச் செடி வைத்து அடைக்காதே. காற்று அடுக்குக்குள் புகுந்து வெளியே போக வேண்டும். வாடைக்காற்றும் மழைச்சாரலும் வருகிற வடகிழக்கில் ஆடாதொடையோ நொச்சியோ வேலியாக வை. இரண்டையும் ஆடு கடிக்காது. நொச்சித் தழையைச் சாயங்காலம் அடுப்பு நெருப்பில் புகைய விட்டால் கொசுவும் கொஞ்சம் விலகும். கீற்றை மேலே மட்டும் போடு. நாலு பக்கமும் தார்ப்பாய் சுற்றினால் உள்ளே வேர்த்து பூஞ்சை பிடிக்கும்.

அடியில் செங்கல்லோ சிமெண்ட் கல்லோ வைத்து, அரை அடி தூக்கி அடுக்கு. தென்னை மரத்தில் சாய்த்து அடுக்காதே, வீட்டுச் சுவரிலும் வேண்டாம். கரையான் விறகிலிருந்து நேராக நிலைக்கதவுக்குப் போகும்.

பாத்திக்கும் அடுக்குக்கும் நடுவே சுற்றிலும் இரண்டு முழம் வெறும் மணல் விட்டுவிடு. அந்த இடத்தில் ஒரு புல்கூட முளைக்கக் கூடாது. செடி நெருக்கமாக இருந்தால் அழகு என்று உனக்குத் தோன்றும், எனக்கும் பிடிக்கும், ஆனாலும் இந்த இரண்டு முழத்தில் விட்டுக்கொடுக்காதே. விறகுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் நாகமும் கண்ணாடிவிரியனும் வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். சுருட்டைவிரியன் கட்டைக்கும் கல்லுக்கும் அடியில் சுருண்டிருக்கும். மணல் வெறுமையாக இருந்தால் தடம் தெரியும், உன் கால் எங்கே விழுகிறது என்பதும் தெரியும். வேலிச்செடியின் அடிக்கிளையையும் ஓர் அடிக்குக் கழித்துவிடு. அடுக்கு மேல் கொடி எதையும் படர விடாதே, பூசணியாக இருந்தாலும் சரி.

சிறியாநங்கை வைத்தால் பாம்பு வராது என்று அத்தை சொல்லியிருப்பார். வை, நிழலில் நன்றாக வளரும், கசப்பு மருந்துக்கு ஆகும். பாம்பைத் தடுக்கும் என்று மட்டும் நம்பி இருட்டில் கை விடாதே. விறகை எப்போதும் மேலிருந்து எடு, இடையில் உருவாதே. எடுக்கும் முன் கோலால் நாலு தட்டு தட்டு. பொழுது சாய்ந்தபின் டார்ச் இல்லாமல் போகாதே. அன்றன்றைக்கு வேண்டிய விறகைப் பகலிலேயே எடுத்து அடுப்படியில் வைத்துவிடு. பிள்ளைகள் அங்கே ஒளிந்து விளையாடக் கூடாது, செந்தேள் கொட்டினால் சின்னப் பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்து. ஏதாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-க்குக் கூப்பிடு, அரசு மருத்துவமனைக்குப் போ. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

அடுப்புக்குச் சேர்க்கிற கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும், மட்டையும் பாளையும் அப்படியே. நிமிர்ந்து கிடந்தால் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம், பத்து நாளில் அதிலேயே வளர்ந்து பறந்துவிடும். தொட்டிகளின் அடித்தட்டையும் அப்படிப் பார்த்துக்கொள்.

பூ வேண்டும் என்றாயே, கனகாம்பரம் வை. அரை நிழல் அதற்குப் பிடிக்கும், உயரமும் அதிகம் போகாது. அரளி மட்டும் அந்தப் பக்கமே வேண்டாம். கழித்த கிளை தவறி விறகோடு சேர்ந்து அடுப்புக்குள் போனால் புகையே விஷம். நர்சரியில் நிழல் செடி என்று கொடுக்கிற பெரிய புள்ளி இலை டிஃபன்பேக்கியாவும் வேண்டாம். பிள்ளைகள் கடித்தால் நாக்கு வீங்கிவிடும். பெரணி, கற்பூரவல்லி மாதிரி நிரந்தரச் செடிகளைத் தொட்டியில் வைத்துக்கொள். விறகு வண்டி வரும் நாளில் தூக்கி நகர்த்திவிடலாம்.

அடுப்புச் சாம்பலை ஆறிய பிறகு சலித்துப் பாத்திக்குப் போடு, ஆனால் அளவாக. சாம்பல் சத்து கிழங்குக்கு நல்லது, அதிகமானால் மண்ணில் காரத்தன்மை கூடிவிடும். காலைப் பனியில் இலை நனைந்திருக்கும்போது லேசாகத் தூவினால் அசுவினி குறையும். பாத்தியில் மூடாக்கு போட காய்ந்த தழையே போதும். மரப்பட்டைச் சிராய் வேண்டாம், அதுவும் கரையானுக்குத் தீனி.

தையில் மஞ்சள் இலை காய்ந்து சாயும். ஒரு வாரம் கழித்துத் தோண்டு, செருப்புப் போட்டுக்கொள், கருவேல முள் மண்ணுக்குள் கிடக்கும். அடிபடாத கிழங்காகப் பார்த்து விதைக்குத் தனியே எடுத்து, நிழலான இடத்தில் மணல் பரப்பி, மேலே காய்ந்த மஞ்சள் இலை மூடி வை. காலியான பாத்தியைக் கொத்தி எரு போட்டு ஆறவிடு. மாசியில் வண்டிக்காரரிடம் சொல்லும்போதே, விறகை மேற்குப் பக்கமாக இறக்கச் சொல்லிவிடு. இல்லையென்றால் எருப்போட்ட பாத்தி மேலேயே கொட்டிவிட்டுப் போவார்.