ஆழாக்கு, உழக்குக் கணக்கில் ஒரு வால்யூம் கண்ட்ரோல்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் முதலில் செய்வது பாட்டுக் கேட்பதுதான். சின்ன ஸ்பீக்கர் போதவில்லை என்று தோன்றியதும், வீட்டில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரைக் கம்ப்யூட்டருடன் இணைக்கிறோம். வால்யூம் குமிழைத் தொட்டால் கரகரவென்று சத்தம். குமிழுக்குள் ஒரு கார்பன் பட்டையின் மேல் உலோக நுனி ஒன்று உரசியபடி நகர்கிறது. பட்டை தேயத் தேய, தூசி சேரச் சேரக் கரகரப்பு கூடும். அறுவடை நாளில் நெல் தூசியும், ஐப்பசி, கார்த்திகையில் ஈரக்காற்றும் நுழையும் தஞ்சைப் பக்கத்து வீடுகளில் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு குறையும் உண்டு. குமிழைக் குறைவாக வைத்தால் இடது, வலது ஒலிகள் சமமாக இருப்பதில்லை. திருவையாறு ஆராதனையின் பஞ்சரத்ன கீர்த்தனைப் பதிவை இரவில் மெதுவாக வைத்துக் கேட்டுப் பாருங்கள். கோஷ்டி முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தது போலிருக்கும்.

இதற்கு நல்ல மாற்று, ரிலே வால்யூம் கண்ட்ரோல். இதில் உரசும் பட்டை கிடையாது. ஆறு ரிலேக்கள் ரெசிஸ்டர்களைச் சேர்த்தும் விலக்கியும் ஒலியைக் குறைக்கின்றன. ஆறே ரிலேயில் 64 நிலைகள் எப்படி வரும்? நம் நெல் அளவையை நினைத்துக் கொள்ளுங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி. இந்த நான்கு அளவைகளும் ஒவ்வொன்று இருந்தால், ஓர் ஆழாக்கு முதல் 15 ஆழாக்கு வரை எதையும் அளந்து விடலாம். 5 வேண்டுமா? உரியும் ஆழாக்கும். கம்ப்யூட்டரின் பைனரி எண்முறையும் இதே கணக்குதான். நம் ரிலேக்கள் 1, 2, 4, 8, 16, 32 டெசிபல் என்று இரட்டிப்பதால், மொத்தம் 0 முதல் 63 வரை கிடைக்கிறது.

ஒவ்வொரு படிக்கும், ஒரு சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் தேவை. ஒன்று சிக்னல் வழியில் தொடராக நிற்பது, மற்றது கிரவுண்டுக்குப் போவது. கிலோ ஓம் மதிப்பில்: 1 டெசிபலுக்கு 1.1, 82, இரண்டுக்கு 2, 39, நான்குக்கு 3.6, 18, எட்டுக்கு 6.2, 6.8, பதினாறுக்கு 8.2, 1.8, முப்பத்திரண்டுக்கு 10, 0.27. கடைசிப் படியின் வெளியீட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓம். எல்லாம் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாக இருக்கட்டும். சென்னை ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும்.

ரிலே 12 வோல்ட், எட்டுக் கால், இரண்டு மாற்றுத் தொடர்புகள் கொண்டது. ஒரு தொடர்பு இடது சேனலுக்கு, மற்றது வலது சேனலுக்கு. மோட்டார் போடும் பெரிய ரிலே வேண்டாம். அதன் வெள்ளித் தொடர்பு, மெல்லிய ஒலி சிக்னலை நம்பகமாகக் கடத்தாது. தங்கப் பூச்சுத் தொடர்பும் நன்றாக மூடிய உறையும் உள்ள சிக்னல் ரிலேயைக் கேட்டு வாங்குங்கள்.

இணைக்கும்போது இந்த இடத்தில்தான் கவனம் தேவை. ரிலேயின் பொது முனையைப் படியின் வெளியீட்டில் இணையுங்கள். ரிலே ஓய்வில் இருக்கும்போது தொடும் முனையைக் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரின் மேல் முனையிலும், இழுக்கும்போது தொடும் முனையைப் படியின் உள்ளீட்டிலும் இணையுங்கள். அதாவது, மின்சாரம் இல்லாவிட்டால் ஒலி முழுவதும் குறைந்திருக்கும். மாற்றி இணைத்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் முழுச் சத்தம் ஸ்பீக்கரைத் தாக்கும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் உண்டா!

ஒவ்வொரு காயிலின் குறுக்கேயும் ஒரு 1என்4148 டயோடு, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். 150 மில்லிவாட் காயில் என்றால் ஒன்றுக்கு 12.5 மில்லி ஆம்பியர். ஆறும் சேர்ந்தால் 75தான். சிறிய 12 வோல்ட் அடாப்டர் போதும்.

முதலில் ஆறு சாதாரண சுவிட்சுகளால் இயக்கிப் பாருங்கள். ஆன் செய்த சுவிட்சுகளின் எண்களைக் கூட்டினால் அதுவே உங்கள் வால்யூம். கம்ப்யூட்டரின் பச்சை நிற ஆடியோ வெளியீட்டுக்கும் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக்கும் இடையில்தான் இந்தப் பெட்டி நிற்க வேண்டும். ஸ்பீக்கர் வயரில் ஒருபோதும் போடாதீர்கள். இணைப்பதற்கு முன் மல்டிமீட்டரால் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். எந்த நிலையிலும் ஏறக்குறைய 10 கிலோ ஓம் காட்டினால் இணைப்பு சரி.

பிறகு கம்ப்யூட்டர் வால்யூமை முழுவதும் ஏற்றி விட்டு, இந்தப் பெட்டியில் மட்டும் குறையுங்கள். பாட்டோடு சேர்த்துக் கம்ப்யூட்டரின் இரைச்சலும் குறையும். ஆம்ப்ளிஃபயரின் பழைய குமிழை அறைக்குப் போதுமான உச்ச அளவில் வைத்து விட்டுத் தொடாமல் இருங்கள்.

சுவிட்சுக்குப் பதில் அர்டுயினோ பலகை வைத்துத் திருகும் குமிழாக மாற்ற விரும்புவோர், ரிலேயை இயக்க யூஎல்என்2003 சிப்பைச் சேர்க்க வேண்டும். புரோகிராமில் ஒன்றை மறக்கக் கூடாது. 31-லிருந்து 32-க்குப் போகும்போது ஐந்து ரிலேக்களை முதலில் விடுவித்து, சில மில்லி செகண்ட் கழித்தே ஆறாவதை இழுக்க வேண்டும். வரிசை மாறினால் நடுவில் ஒரு கணம் 63 வந்து போகும்.

மாற்றும்போது பெட்டிக்குள் டக் டக் என்று கேட்பது இயல்புதான். அதே டக் ஸ்பீக்கரிலும் பலமாகக் கேட்டால், கம்ப்யூட்டர் வெளியீட்டிலிருந்து டிசி கசிகிறது என்று பொருள். சேனலுக்கு ஒன்றாக 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை உள்ளீட்டில் தொடராகப் போட்டால் சரியாகி விடும்.