முதுகும் விளக்கும்: காரைக்கால் இரவை வரைவது எப்படி?

நாகூரிலிருந்து வடக்கே காரைக்காலுக்கு வந்தால் வாஞ்சூர், தரங்கம்பாடியிலிருந்து தெற்கே வந்தால் பூவம். இரண்டு இடத்திலும் எல்லைச் சோதனைச் சாவடி இருக்கிறது. பக்கத்திலேயே மதுக்கடையும் இருக்கிறது. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்து 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு சேர்ந்த காரைக்கால், இன்றும் புதுச்சேரியின் சட்டத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் வசம்; கள்ளுக்கு 1987 முதல் தடை. இங்கே தனியார் உரிமத்தில் கடைகளும் பார்களும் உண்டு, ஏலம் எடுத்து நடத்தும் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் உண்டு. அதனால் பொழுது சாய்ந்ததும் நாகை, மயிலாடுதுறை மாவட்டத்து ஆட்களும் உள்ளூர்க்காரர்களும் ஒரே பெஞ்சில் வந்து உட்காருகிறார்கள். கடை வாசலில் நிற்கும் வண்டி வரிசையைப் பாருங்கள்: பிஒய் 02, டிஎன் 51, டிஎன் 82. யார் எங்கிருந்து வந்திருக்கிறார்கள் என்பதை அந்த வரிசையே சொல்லிவிடும்.

நேரில் பார்த்து வரையப் பழகுபவருக்கு இவ்வளவு விதமான உடல் தோரணைகள் ஒரே அறையில் கிடைக்கும் இடம் வேறு இல்லை. ஆனால் இது சின்ன ஊர். அந்தப் பெஞ்சில் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல் வந்தவர்கள். நீங்கள் வரைந்த முகத்தை அடுத்த நாள் யாராவது அடையாளம் கண்டால் அது ஒரு குடும்பத்தின் சண்டையாக முடியும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு விதியின் மேல் நிற்கிறது: ஆளைக் காட்டாமல் ஆளின் இருப்பைக் காட்ட வேண்டும். இது நாகரிகத்துக்காக மட்டும் சொல்வதல்ல. முகத்தை விட்டுவிட்டு முதுகையும் முழங்கையையும் விளக்கையும் பார்க்கத் தொடங்கும்போதுதான் படமும் தேறுகிறது.

முதலில் தாள்

இரவை வெள்ளைத் தாளில் வரைவது வீண் வேலை. பாதி நேரம் தாளைக் கறுப்பாக்குவதிலேயே போய்விடும். பள்ளி நோட்டுக்கு அட்டை போட வாங்கும் பிரவுன் பேப்பர் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். அதை நோட்டளவுக்கு வெட்டி, நடுவில் நூல் போட்டுத் தைத்து, கெட்டி அட்டை ஒன்றைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்புத் தாள் இரவின் நடுநிறத்தைத் தானே தந்துவிடும். உங்கள் வேலை இருட்டைச் சேர்ப்பதும் வெளிச்சத்தைச் சேர்ப்பதும் மட்டுமே.

இருட்டுக்கு ஒரு கறுப்புப் பிரஷ் பேனா, கோட்டுக்கு ஒரு பால்பாயிண்ட் பேனா, வெளிச்சத்துக்கு வெள்ளை ஜெல் பேனா அல்லது வெள்ளைக் கலர் பென்சில். வாட்டர் கலர் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடற்கரை ஊர், காற்றில் எப்போதும் ஈரம் இருக்கும். போட்ட நிறம் காயவே காயாது, பக்கத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாளே பதத்துப்போகும். அந்த மாதங்களில் நோட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துச் செல்வது நல்லது.

கை பழக வேண்டும்

பாருக்குப் போகுமுன் டீக்கடையில் உட்கார்ந்து பழகுங்கள். ஓர் ஆளுக்கு இருபது விநாடி, அதற்குமேல் கூடாது. தலைக்கு ஒரு வட்டம், முதுகெலும்புக்கு ஒரு வளைகோடு, தோளுக்கு ஒரு சாய்கோடு, உடலின் எடை எந்தக் காலில் அல்லது எந்த முழங்கையில் இறங்குகிறது என்பதற்கு ஓர் அழுத்தம். இந்த நான்கும் சரியாக விழுந்தால் அது மனிதன்தான். கண்ணும் மூக்கும் போட்டு அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை.

இதற்கு இந்த ஊரே ஓர் ஆசிரியரை வைத்திருக்கிறது. காரைக்கால் அம்மையாரின் சோழர்காலச் செப்புத்திருமேனிகளின் படங்களைத் தேடிப் பாருங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒன்றும், கன்சாஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றும் இருக்கின்றன. வற்றிய மார்பு, துருத்திய காறை எலும்பு, மடங்கிய கால்கள், கையில் தாளம். தோளிலிருந்து தாளம் பிடித்த கை வரை ஓடும் கோட்டை மட்டும் பத்து முறை வரைந்தால், உட்கார்ந்திருக்கும் உடல் எங்கே தாங்குகிறது, எங்கே தொங்குகிறது என்பது கைக்கு ஏறிவிடும். பாரில் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் தோளும் அதே விதிப்படிதான் இறங்கும்.

கேட்டுவிட்டு உட்காருங்கள்

ஒளிந்து வரைபவரைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். எல்லையோரக் கடைகளில் சந்தேகம் இன்னும் சீக்கிரம் வரும். மதுவிலக்குப் போலீஸா, பத்திரிகைக்காரரா என்று யோசிப்பார்கள். கூட்டம் சேருமுன், மாலை ஐந்து மணிவாக்கில் போய்க் கல்லாவில் இருப்பவரிடம் நோட்டைத் திறந்து காட்டுங்கள். "அண்ணே, படம் வரையப் பழகுறேன். ஓரமா உக்காந்து கடைய வரைஞ்சுக்கட்டுமா? யாரு மொகமும் போடமாட்டேன், போட்டோவும் எடுக்கமாட்டேன்." இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். வேண்டாம் என்றால் சிரித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இன்னொரு கடை இருக்கிறது. சரி என்றால் முதல் நாள் எதையும் வரையாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

இடத்தைப் பிடிப்பதும் ஒரு வேலை. சுவரில் இருக்கும் டியூப் லைட் உங்கள் இடது தோளுக்கு மேலிருந்து தாளில் விழ வேண்டும் (இடது கைக்காரர் என்றால் வலது தோள்). முதுகு சுவரில் படட்டும், கல்லாவிலிருந்து நீங்கள் தெரியும்படி இருக்கட்டும். வெளிச்சம் போதவில்லை என்று செல்போன் டார்ச்சை எடுத்துவிடாதீர்கள். போன் மேலே வந்தாலே வீடியோ எடுப்பதாக நினைத்துக்கொள்வார்கள். போன் திரையைப் பார்ப்பது கண்ணுக்கும் கெடுதல்: இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், ஒரு தடவை திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்துவிடும்.

மேசையை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. பன்னீர் சோடாவோ சுண்டலோ மீன் வறுவலோ வாங்குங்கள். பரிமாறும் பையனுக்கு நாலு காசு கொடுங்கள். வரைகிற இரவில் குடிக்காதீர்கள். கோடு முதலில் தளரும், பிறகு மரியாதை தளரும்.

பெண்கள் இந்த வேலைக்கு வருவதானால் ஒன்றை நேராகச் சொல்லிவிட வேண்டும். இங்கே பார் என்பது ஏறக்குறைய ஆண்கள் மட்டுமே இருக்கும் இடம். எதிர்ப்புற டீக்கடையிலிருந்தோ பரோட்டாக் கடையிலிருந்தோ துணையோடு உட்கார்ந்து வாசலை வரையலாம். என்னைக் கேட்டால் வாசல்தான் நல்ல படம்: உள்ளிருந்து விழும் வெளிச்சம், நிழலாக நுழையும் ஆள், வெளியே சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டிகள், தள்ளுவண்டியில் அவித்த முட்டையின் ஆவி.

வரையும் வரிசை

விளக்கிலிருந்து தொடங்குங்கள். அறையில் எத்தனை விளக்கு, எது பலமானது, அதன் வெளிச்சம் எதுவரை போகிறது என்பதைப் பால்பாயிண்ட் பேனாவால் லேசாகக் குறியுங்கள். இரண்டாவது, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். சின்னச் சின்ன விவரங்கள் மறைந்து, இருட்டெல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று பெரிய வடிவங்களாகத் தெரியும். மேசைக்கு அடி, முதுகுகளின் நிழல்பக்கம், கதவுக்கு வெளியே இருக்கும் இரவு. அவற்றைப் பிரஷ் பேனாவால் ஒரே மூச்சில் நிரப்புங்கள். ஒருவரின் முதுகு எங்கே முடிகிறது, அடுத்தவர் தோள் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க வேண்டாம். சேர்ந்து உட்கார்ந்தவர்கள் சேர்ந்த நிழலாகவே இருக்கட்டும்.

பிறகுதான் ஆட்கள். இங்கே பயப்பட வேண்டியதில்லை, ஏனென்றால் குடிக்க உட்கார்ந்தவர் அசைந்தாலும் திரும்பித் தன் பழைய நிலைக்கே வருவார். டம்ளரை எடுப்பார், வைப்பார், கையைத் தலைக்கு முட்டுக்கொடுப்பார், பக்கத்தில் இருப்பவர் காதருகே குனிவார். ஒரே பக்கத்தில் நான்கைந்து உருவங்களை அரைகுறையாகத் தொடங்கி வைத்துக்கொண்டு, யார் தன் நிலைக்குத் திரும்புகிறாரோ அவர் கோட்டைத் தொடருங்கள். உயரத்தில் குழப்பம் வராமலிருக்க ஓர் உபாயம்: நீங்கள் உட்கார்ந்திருந்தால், பக்கத்து மேசையில் இருப்பவரானாலும் கடைசி மேசையில் இருப்பவரானாலும் உட்கார்ந்தவர்களின் தலைகள் எல்லாம் உங்கள் கண்மட்டத்தில் ஒரே கோட்டில் வரும். நிற்பவர்களை அந்தக் கோடு மார்புக்குக் கீழே வெட்டும். தூரத்தில் இருப்பவர் சிறுப்பார், ஆனால் கோட்டை விட்டு நகரமாட்டார்.

முகம் உங்களை நோக்கித் திரும்பியிருந்தால் அதை வெற்றாக விடுங்கள், அல்லது முன்னால் ஒரு பாட்டிலையோ கையையோ கொண்டுவந்து மறையுங்கள். ஒருவர் சட்டையையும் இன்னொருவர் தலைமுடியையும் மாற்றிப் போடுவதில் தப்பில்லை. வண்டி எண்ணில் முதல் நான்கு எழுத்து போதும்.

வெள்ளை கடைசியில். குழல் விளக்கு, டம்ளரின் விளிம்பு, ஒருவர் கழுத்துப் பக்கம், அவ்வளவுதான். நான்கைந்து இடத்துக்கு மேல் வெள்ளை வைத்தால் இரவு ஓடிவிடும். நிறத்தை அங்கே நம்பாதீர்கள். மங்கல் வெளிச்சத்தில் கண் நிறத்தைச் சரியாகப் பிரிக்காது. "சுவர் பச்சை", "மேசை சிவப்பு" என்று ஓரத்தில் எழுதிக்கொண்டு, தேவையானால் மறுநாள் காலை போடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்குப் பாரைவிடக் கள்ளுக்கடையைத்தான் சொல்வேன். கீற்றுக் கொட்டகை, பகல் வெளிச்சம், ஓலை இடுக்கில் விழும் புள்ளி வெயில், அவசரமில்லாத பேச்சு. அங்கே போக நல்ல நேரம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அரசலாற்றில் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் கடலுக்குப் போகும் ஆட்கள் கரையில் இருப்பார்கள், பேசவும் நேரம் இருக்கும்.

வரையக் கூடாதவை சில உண்டு. கீழே விழுந்து கிடப்பவரை வரையாதீர்கள். அடிதடியை வரையாதீர்கள். கணவரைத் தேடி வாசலில் வந்து நிற்கும் பெண்ணை வரையவே வரையாதீர்கள். புதுச்சேரியில் குடிக்கும் வயது 18; அதற்குக் குறைந்தவராகத் தோன்றும் யாரும் உங்கள் நோட்டில் வேண்டாம். குடி இந்த ஊர்களில் எத்தனை வீட்டை அழித்திருக்கிறது என்பது வரைபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழகுக்காக அதை மறைப்பதும் தவறு, பரபரப்புக்காக அதைக் காட்டுவதும் தவறு.

பாரிலிருந்து தெருவுக்கு

அறைக்குள் கை தேறியதும் திருவிழாவுக்கு வாருங்கள். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில் மாப்பிள்ளை அழைப்பு, புனிதவதி (காரைக்கால் அம்மையார்) பரமதத்தர் திருக்கல்யாணம், பிச்சாண்டவர் வீதியுலா என்று நாட்கள் நிறைந்திருக்கும். உலா வரும்போது நேர்ந்துகொண்டவர்கள் வீட்டு மாடியிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே அத்தனை கையும் மேலே எழும். இங்கே மாடியில் இடம் கேட்டு வாங்குங்கள். மேலிருந்து பார்க்கும்போது கண்மட்டக் கோடு தாளுக்கு மேலே போய்விடும். தூரத்துத் தலைகள் மேலேயும் சிறிதாகவும், பக்கத்துத் தலைகள் கீழேயும் பெரிதாகவும் வரும். தலைகளை எண்ணாதீர்கள். கைகளை வரையுங்கள், ஐந்தாறு கையை மட்டும் விரலோடு, மற்றதெல்லாம் கோடு. மாம்பழத்தை நிறமிடாமல் தாளின் பழுப்பிலேயே விட்டுச் சுற்றிலும் இருட்டாக்கினால் அது தானே எழுந்து நிற்கும்.

கூட்டத்தை எப்படி அடுக்குவது என்பதற்கு ஓவியர் கோபுலுவைப் பாருங்கள். 1924-இல் தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாள் தொடருக்கு அவர் போட்ட படங்களில் கச்சேரிக் கூட்டத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூட ஒரு வேலை இருக்கும்: ஒருவர் தாளம் போடுவார், ஒருவர் வெற்றிலை மடிப்பார். நீங்களும் பக்கத்துக்கு மூன்று பேருக்காவது ஒரு வேலை கொடுங்கள்.

காரைக்கால் மஸ்தான் சாகிப் தர்காவின் கந்தூரி விழாவில் விளக்குப் போட்ட ரதங்கள் இரவில் நகரும். அங்கே பிரவுன் தாளும் வெள்ளைப் பேனாவும் முழுப் பயன் தரும். ரதம் உங்களைக் கடக்கும்வரை காத்திருக்காமல் தூரத்தில் வரும்போதே தெருவையும் கூட்டத்தையும் போட்டு வையுங்கள். ரதத்துக்கு வெற்றிடம் விடுங்கள். மாசிமகத்தில் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு வரும் சௌரிராஜப் பெருமாளை மீனவர்கள் மாப்பிள்ளை முறையில் வரவேற்பது இன்னொரு நல்ல நாள். மணலில் நின்று வரைவதால் நோட்டைக் கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, இடம், நேரம் எழுதுங்கள். பார் என்றால் கடைப்பெயர் வேண்டாம், ஊர்ப்பெயர் போதும். "எங்கள வரைஞ்சியா தம்பி, காட்டு" என்று யாராவது கேட்டால் உடனே காட்டுங்கள். கிழித்துவிடு என்றால் அவர் கண்முன்னே கிழித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பிடித்திருக்கிறது என்றாலும் கிழித்துக் கொடுங்கள். அடுத்த வாரம் அதே மேசை உங்களுக்குக் காத்திருக்கும்.