தலை இல்லாத எஞ்சின்

பழைய லொறி வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது பொடியைத்தான். பலகை உளுத்திருக்கிறதா, கபின் தகரத்தில் கறள் எவ்வளவு, டயர் எத்தனை மாதம் தாங்கும் என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். பலகையை ஓடாவியார் மாற்றித் தருவார், தகரத்தை ஒட்டலாம். தொழிற்சாலை வைத்த எஞ்சின் ஒருமுறை போனால் போனதுதான். அதனால் என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது, பதிவுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சின் இலக்கத்தைத் தேடுங்கள் என்பதே.

மட்டக்களப்பில் இப்போதும் ஓடுகிற ஸ்ரீ இலக்க பெட்போர்ட் லொறிகளில் பல, பிறந்தபோது பெற்றோல் வண்டிகள். பிறகு யாரோ ஜப்பான் டீசல் எஞ்சினை இறக்கியிருப்பார்கள். தொழிலுக்கு அது குறையில்லை. நெல் மூடைக்கு எந்த எஞ்சின் இழுத்தால் என்ன? ஆனால் பழைய வண்டி என்று விலை சொல்லி விற்கும்போது கணக்கு வேறு. எஞ்சின் மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டிருந்தால், விலையைவிடப் பெரிய தலையிடி பின்னால் வரும். இலக்கம் அடித்த தகட்டில் கிறீஸ் அப்பியிருந்தால் டீசலில் நனைத்த துணியால் துடைத்துப் பாருங்கள். அரம் போட்டுத் தேய்த்த தடம் தெரிந்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் இருப்பது கொமர். பெட்போர்ட்டோடு ஒப்பிட்டால் கொமர் லொறியைப் பார்த்தவர்களே குறைவு. அதில் ரூட்ஸ் கம்பனியின் டிஎஸ்3 எஞ்சின் இருப்பதைப் பார்த்தவர்கள் இன்னும் குறைவு. 1954இல் வெளிவந்த எஞ்சின் அது. இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டன் நகரில் இருந்த டில்லிங்-ஸ்டீவன்ஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன். ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு நெருங்கி வரும். நடுவில் டீசல் தெறிக்கும். இரண்டும் விலகி ஓடும். விலகும்போது ஒன்று புகை போகும் துளைகளைத் திறக்க, மற்றது காற்று வரும் துளைகளைத் திறக்கும். புளோவர் ஊதுகிற காற்று ஒரு முனையால் நுழைந்து மறுமுனையால் புகையைத் தள்ளிக்கொண்டு போய்விடும். வால்வு கிடையாது, சிலிண்டர் ஹெட்டும் கிடையாது.

இதே வகையில் ஜெர்மனியின் ஜங்கர்ஸ் விமான எஞ்சினுக்கு இரண்டு கிராங்க். பிரித்தானிய ரயில்களை இழுத்த டெல்டிக் எஞ்சினுக்கு மூன்று. டிஎஸ்3க்கு ஒன்றே ஒன்று, அடியில் இருக்கிறது. பிஸ்டன்களின் வேலையை இரு பக்கமும் உள்ள பெரிய ராக்கர்கள் கீழே கொண்டுவந்து கொடுக்கின்றன. 3.26 லீட்டர்தான் அளவு. 2400 சுற்றில் 105 குதிரைவலு. அந்தக் காலத்தில் அவ்வளவு சிறிய டீசலில் அவ்வளவு வலு கிடைப்பது அரிது. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சிலிண்டரும் வெடிக்கும், அதாவது சாதாரண ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குரிய எண்ணிக்கை. சத்தத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் அதற்கு ‘கொமர் நொக்கர்’ என்றே பட்டப்பெயர். எங்கள் லொறி வலையிறவுப் பாலத்தடியில் வரும்போதே வீட்டில் சோற்றுப் பானையை இறக்குவார்கள் என்று அம்மா சொல்வது கொஞ்சம் மிகைதான்.

எஞ்சின் சரிந்து படுத்தபடி கபின் தளத்துக்குக் கீழே கிடக்கிறது. புதிதாக வருகிற மெக்கானிக் தளப்பலகையைத் தூக்கியதும் ஹெட்டைத் தேடுவார். எங்களுக்கு வேலை பழக்கிய மாமா ஒருவர் அப்படித் தேடிய பையனைப் பார்த்து, “இதுக்குத் தலையே இல்ல மனே, நீ எங்க போய்த் தேடுறாய்?” என்று கேட்டுவிட்டுப் பீடியைப் பற்றவைத்தார். ஹெட் இல்லாததால் ஹெட் கேஸ்கட் போகிற தொல்லையும் இல்லை. அதே காரணத்தால், மற்ற டீசல்களில் பழகிய கை இங்கே தடுமாறும். தெரியாதவரிடம் விடுவதைவிட லொறியைக் கொட்டிலில் நிறுத்தி வைப்பது மேல்.

இனி, பட்டுத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

புளோவரைச் சுழற்றுவது நீண்டு மெலிந்த ஒரு தண்டு. இந்த எஞ்சினின் நோஞ்சான் இடம் அதுதான். அது முறிந்தால் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் டூ ஸ்ட்ரோக் டீசல் மூச்சுவிடாது. மேலதிகத் தண்டு ஒன்றை எண்ணெய்த் துணியில் சுற்றி இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். லேத் பட்டறையில் புதிதாகக் கடைவதானால் சாதாரண இரும்பில் செய்யவிடாதீர்கள். பழைய துண்டைக் கொண்டுபோய்க் காட்டி, அதே தரத்து உருக்கும் அதே பதமும் கேளுங்கள்.

அடுத்தது கரி. புகை போகும் துளைகளில் கரி படியப் படிய வலு இறங்கும், புகை கறுக்கும், சூடு ஏறும். பலர் பழைய லொறியைப் பூப்போல வைத்திருந்து கோயில் திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுக்கிறார்கள். இந்த எஞ்சினுக்கு அதைப்போலக் கெடுதல் வேறில்லை. பாரமில்லாமல் மெதுவாக ஓடினால் கரிதான் சேரும். வெள்ளாமை வெட்டு முடிந்ததும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய் நெல் ஏற்றி வாருங்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபிறகு பாதைப் படகில் ஏறக் காத்திருக்கவும் வேண்டாம், நகரத்தைச் சுற்றவும் வேண்டாம். நல்ல சூட்டில் பாரம் இழுத்த எஞ்சினின் துளைகள் எவ்வளவோ சுத்தமாக இருக்கும். கையால் சுரண்டத்தான் வேண்டுமென்றால் பிஸ்டனால் துளையை மூடி வைத்துக்கொண்டு மரக்குச்சியால் சுரண்டுங்கள். இரும்பு வேண்டாம்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் ஊருக்கு எச்சரிக்கை கூடவே வேண்டும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் பல கிணறுகள் உவர். அதை ரேடியேட்டரில் ஊற்றினால் லைனரின் வெளிப்புறம் அரித்து, ஒருநாள் தண்ணீர் எண்ணெயோடு கலந்துவிடும். மாரி மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மூடி வையுங்கள். கூலன்ட் சேர்த்து அதையே ஊற்றுங்கள். வாவிக்கரையில் இறங்கி வந்த லொறியின் சேஸியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்பு நாளைவரை பொறுக்காது.

யுத்த காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்கு எரிபொருள் கொண்டுபோகக் கட்டுப்பாடு இருந்தது. கிடைத்த டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினார்கள். ஓடியது உண்மை. ஆனால் டீசல் பம்பின் எலிமென்டுகளுக்கு மசகு டீசல்தான். மண்ணெண்ணெய் மெல்லியது, உலோகத்தோடு உலோகம் உரசும். அப்படித் தேய்ந்த பம்புகள் பின்னர் பம்ப் றூமுக்கு வரிசையாக வந்தன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசலைப் பரலில் சேர்த்து வைத்தவர்கள் வேறு பாடம் படித்தார்கள்: பரலின் அடியில் தண்ணீர். சேமித்த டீசலை ஓரிரு நாள் அசையாமல் வைத்து, மேலிருந்து எடுத்து, மெல்லிய துணியால் வடித்துத்தான் தாங்கியில் ஊற்ற வேண்டும்.

அந்தக் காலத்துப் பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பற்றரியின் நேர்முனையே சேஸியோடு சேரும். வயரைப் பூட்டுமுன் அதைப் பாருங்கள். இன்னொன்று: எஞ்சினின் தேய்ந்த சீல் வழியாக எண்ணெய் காற்றறைக்குள் போனால், டீசலை நிறுத்தினாலும் எஞ்சின் அந்த எண்ணெயைக் குடித்து ஓடும், சுற்று ஏறிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் காற்று வாயை அடைக்க ஒரு தடித்த பலகைத் துண்டு கபினிலேயே இருக்கட்டும். கையை வைக்கவேண்டாம்.

உதிரிப்பாகம் உள்ளூரில் தேடிப் பயனில்லை. ரூட்ஸ் கிறைஸ்லரின் கைக்குப் போனபிறகு, வெள்ளோட்டம் பார்த்த நான்கு சிலிண்டர் டிஎஸ்4 கைவிடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் டிஎஸ்3உம் நின்றுபோனது. இன்று அதை உயிரோடு வைத்திருப்பவர்கள் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துப் பழைய லொறிக்காரர்கள். வெளிநாட்டில் இருக்கிற மருமகனுக்கோ மச்சானுக்கோ பாகத்தின் அளவை எழுதி, படம் எடுத்து அனுப்புங்கள். கேஸ்கட், ரிங் போன்றவை பெட்டியில் வந்துசேரும். எஞ்சின் வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஏறாவூரிலோ களுவாஞ்சிகுடியிலோ யாருடைய வளவிலாவது பழைய கொமர் ஒன்று பற்றைக்குள் கிடந்தால், பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றுமுன் தளப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். கீழே ஹெட் இல்லாத எஞ்சின் படுத்திருந்தால் விற்காதீர்கள். விற்றே ஆகவேண்டுமென்றால் கிலோக் கணக்கில் விற்காதீர்கள். புளோவர், அதன் தண்டு, பம்ப், இலக்கத் தகடு, பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் சேர்த்து, ஓட்ட நினைக்கிற ஒருவருக்குக் கொடுங்கள்.