பாபட்டன்: ஒரு தூரை நாலு செடியாக்குவோம்

லயத்து வாசலில் பாபட்டன் பூத்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கடையில் ஜெர்பெரா என்று சொல்வதும் இதுதான். செவ்வந்தி, சூரியகாந்தி குடும்பத்தைச் சேர்ந்த செடி. தென்னாபிரிக்காவின் மலைப்பகுதியில் பாபர்டன் என்று ஓர் ஊர் உண்டு. 1880களில் அந்தப் பக்கத்தில் ரொபர்ட் ஜேம்சன் என்பவர் சேகரித்த செடிகள் மூலம் வெளியுலகம் இதை அறிந்தது. ஊர்ப் பெயரே பூவுக்கும் பெயராகி, நம்ம வாயில் பாபட்டன் ஆனது.

காசு கொடுத்து வாங்கிய கன்று இரண்டு வருடம் நன்றாகப் பூக்கும். பிறகு பூ சிறுத்து, ஒரு மழையோடு நடுக்குருத்து அழுகிப்போகும். நோய் வந்துவிட்டது என்று பிடுங்கி எறிந்து, மறுபடி சந்தையில் வாங்குவார்கள். அந்தச் செலவு தேவையில்லை. பழைய தூருக்குள்ளேயே புதுக் கன்றுகள் இருக்கின்றன.

தேயிலையைப் போல இதில் கிளை வெட்டி நட முடியாது. நிலத்துக்கு மேல் கிளையே இல்லை. விதை போடலாம், ஆனால் பழைய விதை முளைக்காது, தாய்ச்செடியின் நிறமும் வராது. ஆகவே தூரைப் பிரிப்பதே நல்ல வழி.

செய்முறை இதுதான்:

1. கடும் மழை இல்லாத நாட்களில், இரண்டு மூன்று வருடத் தூரை முள்ளால் வேரோடு கிளப்புங்கள்.

2. மண்ணை உதறி, ஒவ்வொரு பங்கிலும் குருத்தும் வேரும் இருக்கும்படி சுத்தமான கத்தியால் பிரியுங்கள்.

3. முதிர்ந்த இலைகளையும் அழுகிய வேரையும் நீக்குங்கள்.

4. மண், மக்கிய உரம், மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் ஓர் அடி இடைவெளியில் நடுங்கள்.

5. குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். குருத்தைப் புதைத்தால் செடி அழுகும். இதுதான் முக்கியமான பாடம்.

தண்ணீரைக் காலையில், குருத்தில் படாமல் வேரடியில் ஊற்றுங்கள். வெயில் படும் இடம் வேண்டும். கான் தண்ணீர் தேங்கக் கூடாது. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இரவுகளில் சாக்கால் மூடி, காலையில் எடுத்துவிடுங்கள்.

பூவைக் கத்தியால் வெட்ட வேண்டாம். காம்பின் அடியைப் பிடித்து, லேசாகத் திருகி இழுத்தால் வந்துவிடும். வெட்டினால் மிஞ்சும் அடிக்காம்பு அழுகி, அது குருத்துக்கும் பரவும்.

கோயில், கல்யாண வீடு, சாவு வீடு, பாடசாலை விழா எதற்கும் பூ வேண்டும். பிரித்த கன்றுகளில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுத்து வைப்போம். நம்ம செடி பழுதானாலும் அதே நிறத்தை அங்கிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.