நோவுக் குளிசையை ஆபத்தில்லாமல் பாவிப்பது எப்படி? யாழ்ப்பாண வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாரிப் பிடிப்பு, முழங்கால் உளைவு, தோள்மூட்டு இறுக்கம், பல்லுக்குத்து. எது வந்தாலும் யாழ்ப்பாணத்து வீட்டில் தேடினால் ஒரு டைக்குளோபெனக் குளிசையாவது அகப்படும். டொக்டர் முந்தி யாருக்கோ எழுதியதில் மிஞ்சியதாக இருக்கும். இல்லாவிட்டால் கனடாவிலிருந்து வந்த சொந்தக்காரர் விட்டுவிட்டுப் போனதாக இருக்கும். நல்ல மருந்துதான். வீக்கத்தோடு வரும் நோவுக்கு இதைப்போலக் கைகொடுக்கும் மருந்துகள் குறைவு. ஆனால் வயிற்றில் புண்ணையும் இரத்தக்கசிவையும், சிறுநீரகப் பழுதையும், சிலருக்கு மாரடைப்பையும் கொண்டுவரக்கூடிய மருந்தும் இதுவே. ஆபத்து பெரும்பாலும் குளிசையில் மட்டும் இருப்பதில்லை. யார், எந்த நேரத்தில், வேறு எந்த மருந்தோடு விழுங்குகிறார் என்பதில் இருக்கிறது.

முதன்முறையாக இதைப் பாவிக்கப் போகிறவருக்கும், வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ எடுத்துக் கொடுக்கிறவருக்கும் இந்த வழிகாட்டி. டொக்டருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள முடியாது. அவரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும்.

படி 1: கையில் இருப்பது எந்தக் குளிசை?

நாங்கள் பனடோல் என்று சொல்லும் பரசிற்றமோல் ஒரு வகை. அது காய்ச்சலையும் நோவையும் தணிக்கும். வீக்கத்தைப் பெரிதாகக் குறைக்காது. டைக்குளோபெனக், இபுபுரூபன், நப்ரொக்சன், மெபனமிக் அசிட், செலிகொக்சிப், எற்றோரிகொக்சிப் எல்லாம் இன்னொரு வகை. இந்த வழிகாட்டி இரண்டாவது வகையைப் பற்றியது.

இவை உடலில் புரொஸ்டகிளாண்டின் எனப்படும் பொருள் உருவாவதைத் தடுக்கின்றன. 1971இல் ஜோன் வேன் என்ற பிரித்தானிய விஞ்ஞானி அஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்து இதைக் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் அதே புரொஸ்டகிளாண்டின்தான் வயிற்றின் உள்தோலைக் காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் தடைப்படும். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் கீழே சொல்பவை முக்கால்வாசியும் தாமாக விளங்கும்.

வெளிநாட்டுப் பெட்டியில் வரும் மருந்துகளில் கூடுதல் கவனம் வேண்டும். கனடாவிலிருந்து வரும் அட்வில், லண்டனிலிருந்து வரும் நியூரோஃபன் இரண்டும் இபுபுரூபன். அலீவ் என்பது நப்ரொக்சன். சுவிஸிலிருந்து வரும் வோல்டரன் நம் டைக்குளோபெனக்தான். டைலனோல் மட்டும் பரசிற்றமோல். பாமசியில் தந்த டைக்குளோபெனக்கோடு மருமகள் அனுப்பிய அட்விலையும் போட்டால் ஒரே வகையை இரண்டு மடங்காக விழுங்கியதாகிவிடும். நோ இரண்டு மடங்கு குறையாது. வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதிதான் கூடும். பெட்டியின் முன்பக்கத்துப் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். இந்த வகையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

படி 2: துண்டு எழுதும்போதே சொல்ல வேண்டியவை

தனியார் டொக்டரிடம் நாரி நோவுக்குப் போகும்போது ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அது வேறு வருத்தம், இது வேறு வருத்தம் என்ற எண்ணம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ நீங்கள் எடுக்கும் பிரஷர்க் குளிசை என்னவென்று தெரியாமல் ஒருவர் நோவுக்கு மருந்து எழுதக்கூடாது. கொப்பியைக் கொண்டுபோங்கள்.

லொசாட்டன், எனலாப்பிரில் போன்ற பிரஷர்க் குளிசையும், சலம் போவதற்கான குளிசையும் எடுப்பவர் அவற்றோடு டைக்குளோபெனக்கும் போட்டால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை அமுக்கும். வயதானவர்களில் சில நாட்களிலேயே சிறுநீரகம் வேலையைக் குறைத்துவிடலாம். வாபரின், குளோபிடோகிரெல், பிரட்னிசலோன் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு ஆபத்துக் கூடும். இதயத்துக்காகத் தினமும் சிறிய அஸ்பிரின் எடுப்பவரிடம் இபுபுரூபன் அந்த அஸ்பிரினின் வேலையையே கெடுக்கலாம்.

மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் டைக்குளோபெனக் எடுக்கக்கூடாது. ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் இதைத் தெளிவாகவே அறிவித்தது. வயிற்றுப்புண் வந்தவர்கள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், இந்த வகைக் குளிசையால் முன்பு இழுப்பு வந்த ஆஸ்துமாக்காரர் எல்லோரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் 20 வாரத்துக்குப் பிறகு தவிர்க்க வேண்டும். குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். கர்ப்பகாலத்தில் டொக்டர் தந்த சிறிய அளவு அஸ்பிரின் வேறு விஷயம். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சித்த மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள். பெயர் எழுதாத தூளும் குளிசையும் யார் தந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

படி 3: காய்ச்சல் என்றால் தொடவே வேண்டாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரை குடாநாட்டில் டெங்குக் காலம். 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. டெங்குக் காய்ச்சல் உடம்பு முறிகிற நோவோடுதான் வரும். கை தானாக டைக்குளோபெனக்கைத் தேடும். பிழை நடப்பது அந்த இடத்தில்தான். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்து வருகின்றன. இந்தக் குளிசை எஞ்சிய சிறுதட்டுகளின் வேலையையும் கெடுத்து, வயிற்றையும் புண்ணாக்கும். இரத்தம் வெளியேறத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். டெங்குச் சந்தேகம் இருக்கும்போது டைக்குளோபெனக், இபுபுரூபன், மெபனமிக் அசிட், அஸ்பிரின் எதையும் கொடுக்க வேண்டாம் என்று சுகாதார அமைச்சு ஒவ்வொரு மழைக்காலமும் சொல்லி வருகிறது. இந்த வகையில் மலவாசல் வழியாக வைக்கும் மருந்துக்கும் ஊசிக்கும் இதே விதி. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை என்று அதை வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

எலிக்காய்ச்சலும் இதே மாதங்களில்தான் வருகிறது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பின், டிசம்பரில் குடாநாட்டில் காய்ச்சலால் குறைந்தது ஏழு பேர் உயிரிழந்தார்கள். முதலில் இன்னதென்று தெரியாத காய்ச்சல் என்று பேசப்பட்டது. பின்னர் எலிக்காய்ச்சல் என்று உறுதியானது. அந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்கும். வயலுக்குப் போனவர் கெண்டைக்கால் தசை நோவைப் பொறுக்கமுடியாமல் இந்தக் குளிசையைப் போட்டால், நோயும் மருந்தும் ஒரே உறுப்பை இரண்டு பக்கத்தாலும் அடிக்கும்.

2006இல் சிக்குன்குனியா யாழ்ப்பாணத்தில் பரவியபோது மூட்டு நோ காய்ச்சல் போன பின்னும் பலரை விடவில்லை. அந்த நோவுக்கு இந்த மருந்துகள் உதவுவது உண்மை. ஆனால் டெங்கு இல்லை என்று டொக்டர் உறுதிசெய்த பிறகுதான்.

ஆகவே காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒன்றோ இரண்டோ, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்தவருக்கும் ஈரல் வருத்தம் உள்ளவருக்கும் அதிலும் குறைவு. குழந்தைக்கு நிறையைப் பார்த்துத்தான். இரண்டு நாளில் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். வயலில், வெள்ளத்தில் இறங்கியிருந்தால் அதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இதயத்துக்காக எடுக்கும் அஸ்பிரினைக் காய்ச்சல் நாட்களில் தொடர்வதா என்றும் அப்போதே கேளுங்கள்.

படி 4: அளவும் நேரமும்

டைக்குளோபெனக் பொதுவாக 50 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று தரம். 150 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. மெபனமிக் அசிட் 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம் வரை. மாதவிடாய் நோவுக்கு இரண்டு மூன்று நாள் போதும். இவை உச்ச அளவுகள். நோவை அடக்குகிற மிகக் குறைந்த அளவுதான் உங்கள் அளவு. ஒரு நேரம் தவறிவிட்டால் அடுத்த நேரம் இரண்டாகப் போடாதீர்கள்.

பாமசிப் பையில் ஆங்கிலச் சுருக்கங்கள் இருக்கும். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், ரி.டி.எஸ். மூன்று தரம், எஸ்.ஓ.எஸ். நோ வந்தால் மட்டும். விளங்காவிட்டால் மருந்தாளரிடம் தமிழில் கேட்டு, பையில் தமிழில் எழுதச் சொல்லுங்கள். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த மண் இது. கேட்பதற்குக் கூச்சம் தேவையில்லை.

சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட உடனே, நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். வழுவழுப்பான மேற்பூச்சு உள்ள குளிசையை உடைக்கவோ அரைக்கவோ கூடாது; அந்தப் பூச்சு குளிசை வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதற்காக இடப்பட்டது. ஒமெப்பிரசோல் சேர்த்துத் தந்திருந்தால் அதைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பு எடுங்கள்.

சாப்பிட்டுவிட்டுப் போட்டால் புண் வராது, ஊசியாகப் போட்டால் வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டும் தவறு. சாப்பாடு எரிவைக் குறைக்கும், அவ்வளவுதான். மருந்து எந்த வழியால் போனாலும் இரத்தத்தில் கலந்துதான் வயிற்றின் காப்பைக் குறைக்கிறது. கள்ளும் சாராயமும் அந்த ஆபத்தைக் கூட்டும்.

கந்தசஷ்டி விரதக்காரரும் நோன்பு பிடிப்பவரும் பட்டினி நாட்களில் இதை எடுக்கக்கூடாது. விரதத்துக்கு முன்பே டொக்டரிடம் மாற்று மருந்து கேட்டு வையுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் வெங்காயத் தோட்டத்தில் நிற்பவர், கடலுக்குப் போய் வந்தவர், பனையேறுபவர் எல்லோரும் வியர்த்து நீர் வற்றிய உடம்போடு இருப்பவர்கள். அந்த உடம்பில் சிறுநீரகம் புரொஸ்டகிளாண்டினை நம்பித்தான் இயங்குகிறது. முதலில் தண்ணீர், ஓய்வு. வயிற்றோட்டமும் சத்தியும் இருக்கும் நாளிலும் குளிசையை நிறுத்திவிட்டு டொக்டரிடம் கேளுங்கள்.

முழங்காலிலும் கைவிரல் மூட்டிலும் மட்டும் நோ என்றால் டைக்குளோபெனக் பூச்சைப் பற்றிக் கேளுங்கள். இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. வயதானவர்களுக்குப் பல வேளை அதுவே போதும்.

படி 5: எத்தனை நாள்?

சுளுக்குக்கும் பிடிப்புக்கும் சில நாட்கள். துண்டில் ஐந்து நாள் என்றால் ஐந்தாம் நாள் நிறுத்த வேண்டும். அதே துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்குவது இங்கே சாதாரணமாக நடக்கிறது, நடக்கக்கூடாது.

மூட்டுவாதத்துக்கு மாதக்கணக்கில் எடுக்க வேண்டியவர்கள் உண்டு. அவர்கள் பயந்து நிறுத்த வேண்டாம். பிரஷரும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனையும் ஒழுங்காகப் பார்க்கப்படுகிறதா என்று கேளுங்கள். வயிற்றுக்கு மென்மையானது என்று உலகம் முழுக்க விற்கப்பட்ட வயொக்ஸ் என்ற இதே வகைக் குளிசையை, மாரடைப்பும் பாரிசவாதமும் கூடியதால், 2004 செப்டெம்பரில் அதன் நிறுவனமே சந்தையிலிருந்து மீளப்பெற்றது. புதிய குளிசை, விலை கூடிய குளிசை என்பதால் பாதுகாப்பானது ஆகிவிடாது.

படி 6: உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

மலம் தார்போலக் கறுப்பாகப் போவது, இரத்தமாகவோ கோப்பித்தூள் நிறத்திலோ சத்தி எடுப்பது, நெஞ்சு நோ, ஒரு பக்கம் கைகால் வழங்காமல் போவது, முகமும் உதடும் வீங்குவது, மூச்சு இழுப்பது. இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரும்புச்சத்துக் குளிசையாலும் மலம் கறுக்கும். அதை நீங்களே தீர்மானிக்காதீர்கள். வயதானவர்களுக்கு வயிற்று நோ எதுவும் இல்லாமலே இரத்தம் கசியலாம். சலம் குறைவது, கால் வீங்குவது, திடீரெனக் களைப்பது ஆகியவற்றுக்குக் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

படி 7: மிஞ்சிய குளிசைகள்

1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்த தலைமுறை மருந்தை எறியாது. 2022 நெருக்கடியில் வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது அந்தப் பழக்கம் மீண்டும் இறுகியது. ஒரு பனடோலுக்கும் வழியில்லாத நாட்களைக் கண்டவர்களிடம் குளிசையை எறியச் சொல்வது எளிதல்ல. அவர்கள் மேல் குற்றமும் இல்லை. ஆனால் அட்டையிலிருந்து பிரித்துப் பழைய போத்தலில் போட்ட வெள்ளைக் குளிசை எதுவென்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஒருவருக்கு எழுதியதை இன்னொருவர் எடுப்பது இந்த வகை மருந்தில் மிகவும் ஆபத்தானது.

அடுத்த கிளினிக் நாளுக்கு வீட்டில் உள்ள நோவுக் குளிசை முழுவதையும், வெளிநாட்டுப் பெட்டியில் வந்ததையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டொக்டரிடமோ மருந்தாளரிடமோ காட்டி எது வேண்டும், எது வேண்டாம் என்று கேளுங்கள். அம்மா, அப்பா தனியாக இருக்கும் வீடு என்றால் மழைக்காலம் தொடங்குமுன் போய் அவர்களின் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.