சர்வருக்கு கிளவுட் பேக்கப்: எதைப் பார்த்து வாங்குவது?

கடைக்கோ அலுவலகத்திற்கோ புதிதாக கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "தம்பி, எந்த கிளவுட் பேக்கப் விலை குறைவு?" நான் திருப்பிக் கேட்பேன்: "சர்வர் படுத்துவிட்டால், எத்தனை மணி நேரம் பில் போடாமல் சமாளிப்பீர்கள்?" இதற்குப் பதில் தெரிந்த பிறகுதான் விலைப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

சர்வர் என்றதும் பயந்துவிட வேண்டாம். மூலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் டேலி டேட்டா இருந்து, மற்ற நான்கு கம்ப்யூட்டர்கள் அதிலிருந்து எடுத்துக் கொண்டால், அதுவே சர்வர்தான். அந்த டேட்டாவின் நகலை இன்டர்நெட் வழியாக வேறொரு நிறுவனத்தின் டேட்டா சென்டருக்கு அனுப்பி வைப்பதே கிளவுட் பேக்கப்.

"கூகுள் டிரைவில் போல்டர் இருக்கிறதே, போதாதா?" என்பார்கள். அது சிங்க். இங்கே ஒரு பைலை அழித்தால் அங்கேயும் அழியும். ரான்சம்வேர் வைரஸ் வந்து பைல்களைப் பூட்டினால், பூட்டிய பைல்களே அங்கும் போய்ச் சேரும். பழைய பதிப்புகள் சில நாட்கள் கிடைக்கும். ஆனால் சர்வர் முழுவதையும் அப்படி மீட்பது பெரும்பாடு. எனவே எத்தனை நாள் பழைய பதிப்புகளை வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். 30 நாளாவது வேண்டும். ஆப்ஜெக்ட் லாக் வசதி இருந்தால் இன்னும் நல்லது. அதைச் சரியாக அமைத்தால், உங்கள் பாஸ்வேர்டைத் திருடியவனாலும் குறித்த நாள் வரை பேக்கப்பை அழிக்க முடியாது.

அடுத்து வேகம். இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். உங்களிடம் 200 ஜி.பி. டேட்டா இருக்கிறது, அப்லோட் வேகம் விநாடிக்கு 10 மெகாபிட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால், மொத்தம் 16 லட்சம் மெகாபிட். 10-ஆல் வகுத்தால் 1,60,000 விநாடி, அதாவது 44 மணி நேரத்திற்கும் மேல்! முதல் முறை மட்டும்தான் இந்தக் காத்திருப்பு. பிறகு தினமும் மாறிய பகுதி மட்டுமே போகும். திரும்ப எடுக்கும்போது டவுன்லோட் வேகம் 100 மெகாபிட் என்றால் சுமார் நாலரை மணி நேரம். இது காகிதக் கணக்கு, நடைமுறையில் கூடுதலாகும். அதனால், அதே நகல் ஒன்றை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலும் எடுத்து வீட்டில் வையுங்கள் என்பேன். சின்ன விபத்துக்கு அதுவே போதும்.

விலை மிகக் குறைவாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். அமேசானின் கிளேசியர் டீப் ஆர்கைவ் மிக மலிவு. ஆனால் அதில் போட்ட பைலைத் திரும்பக் கேட்டால், டவுன்லோட் தொடங்கவே 12 மணி நேரம் வரை ஆகலாம். 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் மீதி நாட்களுக்குக் கட்டணம் உண்டு. பழைய கணக்குகளைப் போட்டு வைக்க ஏற்றது; நாளை காலை கடை திறக்க உதவாது. டேட்டாவை வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் சர்வரே கிளவுடில் இருந்தால் இன்னொரு கேள்வி: பேக்கப் எந்த ஊரில் இருக்கிறது? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து நாசமானது. சர்வரையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த சில வாடிக்கையாளர்களுக்கு இரண்டுமே போயின.

சில சேவைகளில் என்கிரிப்ஷன் சாவி உங்களிடம் மட்டுமே இருக்கும். பாதுகாப்புதான்; ஆனால் சாவியைத் தொலைத்தால் அந்த நிறுவனமே நினைத்தாலும் திறக்க முடியாது. தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். சர்வரிலேயே நோட்பேடில் வைப்பதில் பயனில்லை.

பெரும்பாலான சேவைகளில் சில நாள் இலவசமாகப் பார்க்கும் வசதி உண்டு. அந்த நாட்களில் டேலி டேட்டா போல்டரை வேறொரு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்யுங்கள். டேலியில் திறந்து, நேற்றைய கடைசி பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆன நேரத்தைக் குறித்துக் கொண்டு, பிறகு பணம் கட்டுங்கள்.