பிழை எந்தப் பக்கம்?

அன்பின் பெறாமகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்பதிவைக் கேட்டேன். வேலைக்குச் சேர்ந்து கதிரை சூடேற முன்னரே "கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை" என்று பெயர் எடுத்துவிட்டாய். இனி யாருடைய மெசின் நின்றாலும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். அலுவல் கூடும், சம்பளம் கூடாது. அது எல்லாக் கந்தோரிலும் உள்ளதுதான்.

உங்கடை சேர் "நெற் சரியில்லை, பெரிய பக்கேஜ் எடுப்பம்" என்கிறாராம். காசைக் கட்ட முன்னர் கொஞ்சம் பொறுக்கச் சொல். அவர் கண்ணால் கண்டது தான் காத்திருந்ததை மட்டும்தான். ஏன் காத்திருந்தார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. சொந்த மெசினுக்குள் இருக்கும் வேர்ட் கோப்பு திறக்க இரண்டு நிமிடம் எடுத்தால், அதில் ரெலிக்கொம்காரனுக்கு என்ன பங்கு? ஆகவே யாராவது வந்து முறையிட்டால் முதலில் மெசினைத் தொடாதே, ஆளைக் கேள். "அக்கா, என்ன செய்யேக்க நிக்குது? உங்களுக்கு மட்டுமோ, எல்லாருக்குமோ? காலமையோ, பின்னேரமோ?" இந்தக் கேள்விகளுக்கு வரும் பதிலிலேயே பாதிப் பிழை பிடிபட்டுவிடும்.

உயர்தரத்தில் வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள்களோடு மல்லுக்கட்டிய பிள்ளை நீ. பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியைத்தான் மாற்றலாம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கந்தோர்களில் நடப்பதோ வேறு. ரவுட்டரை நிறுத்திப் போட்டு, கேபிளை மாற்றி, விண்டோஸையும் புதிதாக ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் செய்துவிட்டு "சரி வந்திட்டுது" என்பார்கள். எதனால் சரிவந்தது? தெரியாது. அடுத்த முறையும் அத்தனையையும் திரும்பச் செய்யவேண்டியதுதான். நீ ஒரு கொப்பி போடு. திகதி, நேரம், யாருடைய மெசின், எதை மாற்றினாய், முன்னர் எத்தனை செக்கன், பின்னர் எத்தனை செக்கன். அவ்வளவும் போதும்.

மெசின் பக்கம் பிழையா என்று பார்க்க, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கு. டாஸ்க் மனேஜர் வரும். உங்கள் கந்தோரில் இருப்பவை பழைய மெசின்கள் என்றபடியால் டிஸ்க் என்ற நிரல் 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று நினைக்கிறேன். பழைய ஹாட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தரம் சுழலும் தட்டு. வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிக்க அதற்கு ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் தேவை. கணக்குப் பார், செக்கனுக்கு நூறு தேடல் அளவில்தான் முடியும். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. அது செக்கனுக்குப் பல்லாயிரம் தேடல் செய்யும். பழைய மெசினுக்கு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கும் சுகம் எந்தப் பக்கேஜிலும் கிடைக்காது.

ஆனால் டிஸ்க் நிரலைக் கண்டவுடன் டிஸ்கில் பழியைப் போடாதே. ராம் 4 ஜீபீ மட்டும் இருந்து, குரோமில் இருபது பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால், இடம் போதாத விண்டோஸ் டிஸ்கையே ராமாகப் பாவிக்கத் தொடங்கும். அப்போது மெமரியின் குறை டிஸ்கின் குறையாகத் தெரியும். பக்கத்து நிரலையும் பார். இரண்டு அன்ரிவைரஸ் ஒன்றையொன்று சோதித்துக்கொண்டு கிடக்கிறதா என்றும் பார். வைரஸ் ஏறியிருக்கவும் கூடும்; போட்டோக்கொப்பிக் கடைக்கும் கந்தோருக்கும் இடையில் அலையும் பென்டிரைவ்களை நான் ஒருநாளும் நம்பமாட்டேன். இன்னுமொன்று, விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதைச் சேரிடம் எழுத்தில் கொடுத்து வை.

கடற்கரையடியில் இருக்கும் கந்தோர் என்பதை மறவாதே. உப்புக்காற்று ஜன்னல் கம்பியை மட்டும் தின்னாது. சுவரில் இருக்கும் கேபிள் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்: பொன் நிறமாக இருக்கவேண்டிய சின்னத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அந்தக் கேபிளுக்குள் எட்டுக் கம்பி. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். ஒரு சோடி விட்டுப்போனால் ஒரு சத்தமும் இல்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கி ஓடும், ஒருவருக்கும் தெரியாது. மெசினைத் திறந்தால் விசிறியில் உப்பும் தூசும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும், மூலையில் பல்லி முட்டையும் கிடக்கும். சூடு ஏறினால் புரொசெசர் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "மத்தியானத்துக்குப் பிறகு இழுக்குது" என்று யாராவது சொன்னால் முதலில் அந்த விசிறியைப் பார். திறக்க முன்னர் பிளக்கைக் கழற்று, இரும்பில் கையைத் தொட்டு எடு. ராம் பலகையின் தொடுமுனையைப் பென்சில் அழிறப்பரால் மெல்லத் தேய்த்துப் போட்டால் பல மெசின்கள் உயிர்த்தெழும்.

கரண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை விளக்கு நின்ற காலத்தில் நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். எழுதிக்கொண்டிருக்கும்போது சடாரென்று நிற்கும் ஹாட் டிஸ்குக்கு அது நல்லதல்ல. பழுதான பகுதியை மெசின் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும், நாம் "ஸ்லோ" என்போம். யூபிஎஸ் பற்றரி பேருக்கு மட்டும் கிடக்கிறதா என்று பார்த்துவிடு. ஐப்பசி இடிக்கு ரெலிபோன் வயரையும் கழற்றி வைக்கச் சொல்.

இனி நெற். கட்டளை எழுதும் கறுப்புத் திரையைத் திறந்து, பதில் வர எடுக்கும் நேரத்தைக் காட்டும் பிங் கட்டளையை ரவுட்டருக்குப் போடு. கேபிளில் இருந்தால் ஒன்றிரண்டு மில்லிசெக்கனுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் பிழை உங்கள் அறைக்குள். வைஃபை என்றால், ரவுட்டரை இரும்பு அலுமாரிக்கு மேல் ஒளித்து வைத்திருப்பார்கள், இறக்கி வை. அடுத்து வெளியிலுள்ள 8.8.8.8 என்ற முகவரிக்குப் போடு. சில பத்து மில்லிசெக்கன் எடுத்தால் குற்றமில்லை. கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும். உதாரணத்துக்கு, கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். போய்வரவே 27 மில்லிசெக்கன். எந்தப் பக்கேஜ் எடுத்தாலும் அதைக் குறைக்க முடியாது.

இப்போது நான் சொல்லும் சோதனையைக் கட்டாயம் செய். பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும். பக்கத்து மேசைத் தம்பியிடம் சொல்லி நிகழ்ச்சிப் படங்களை நெற்றிலுள்ள டிரைவில் ஏற்றச் சொல். நாற்பதில் நின்ற இலக்கம் எண்ணூறு, ஆயிரம் என்று ஏறினால் கள்ளன் பிடிபட்டான். உங்களுடையது இன்னும் பழைய செம்புக் கம்பி இணைப்பு. அந்த முறையின் நல்ல வகையில்கூட இறக்க 24 மெகாபிட் என்றால் ஏற்ற ஒன்றரைக்கும் குறைவு. மாரியில் கடல்நீரேரி எவ்வளவு அகலத்துக்குப் பரந்து நின்றாலும் கடலுக்குப் போவது நம்மூர்ப் பாலத்தடிக் கதவுகள் விடும் அளவுதானே? ஏற்றும் வழி அந்தக் கதவு. ஒருவருடைய போன் கந்தோர் வைஃபையில் ஏறியவுடன் கலியாணப் படமெல்லாம் தானாக பக்அப் ஆகத் தொடங்கும்; மற்றவர்களுடைய சின்னக் கோரிக்கைகள் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும்.

இதை 2010இல் தன் வீட்டிலேயே கண்டுபிடித்தவர் ஜிம் கெற்றிஸ். பெல் லாப்ஸில் வேலை செய்த பெரிய பொறியியலாளர். அவருக்கே கோப்பு ஏற்றும்போது பிங் ஒரு செக்கனைத் தாண்டியது. ரவுட்டருக்குள் வரிசை தேவைக்கு மிஞ்சி நீளமாக இருப்பதுதான் காரணம். 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் அந்த வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் முறை ஒன்றைக் கொடுத்தார்கள். உங்கள் ரவுட்டர் அமைப்பில் எஸ்.கியூ.எம். அல்லது கியூ.ஓ.எஸ். என்று இருந்தால் அதைத் திறந்து பார். இல்லாவிட்டால் பக்அப்பை இரவுக்கு மாற்றச் சொல்.

அந்த ஜேக்கப்சனுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1986 ஒக்டோபரில் கலிபோர்னியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில், வெறும் 400 யார் தூரம், வேகம் செக்கனுக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. பதில் பிந்தினால் கொம்பியூட்டர்கள் அதையே திரும்பத் திரும்ப அனுப்பின. அதனால் நெரிசல் இன்னும் கூடியது. உங்கள் கந்தோரில் பிரின்ற் வரவில்லை என்று ஏழு தரம் அமுக்குபவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லு. ஆனால் பெரியவர்களுக்கு முன்னால் சிரிக்காதே.

தொங்கலில் 4ஜி ரவுட்டர் ஒன்றும் இருக்கிறது என்றாய். சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம் வந்து ஒரே போன் கோபுரத்தில் தொங்கும்போது அது இழுக்கத்தான் செய்யும். அந்த நாட்களைக் கொப்பியில் குறித்து வை, பிறகு குழம்பாதே.

இவ்வளவும் பார்த்த பிறகும் கேபிளில் வெளியே போகும் பிங் மோசமாகவே இருந்தால், அப்போது கொப்பியின் திகதிகளோடு ரெலிக்கொம்காரனுக்குப் போன் அடி. நேரமும் இலக்கமும் சொன்னால் அவர்கள் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்கோ" என்பதோடு நிறுத்தமாட்டார்கள்.

எஸ்.எஸ்.டி. வாங்க யாழ்ப்பாணம் போக முன்னர் மெசினின் மொடல் இலக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. பழையவற்றுக்கு இரண்டரை அங்குல சாட்டா வகைதான் பொருந்தும், கடைக்காரன் எம்.2 தந்தால் சும்மா கையில் வைத்திருக்க வேண்டியதுதான். மாற்ற முன்னர் மெசினைப் பாவிப்பவருடைய டெஸ்க்ரொப்பில் கிடக்கும் கோப்புகளை வேறொரு இடத்தில் கொப்பி பண்ணி, அவரைக் கொண்டே திறந்து பார்க்கச் சொல்லு.

இப்படிக்கு,
பெரியப்பா